ஐம்பது சென்

என் அத்தையின் பெயர் பூங்காவனம். ஐசியில் அப்படி இல்லை. 1960களில் சுங்கை சோ பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போன தாத்தா ஒரு பெயரைச் சொல்ல, எழுதியவர் தன் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். 'பூ'வுக்கு இரண்டு 'ஓ' வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு 'யு'. கிளினிக்கிலும் வங்கியிலும் அந்த எழுத்துகளைப் பார்த்து வாசிக்கிறவர்கள் எல்லாரும் "புவான் புங்காவானாம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தையும் அந்தப் பெயருக்கே எழுந்து போய்ப் பழகிவிட்டார்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. மலாயில் பேசிய ஆள், "புவான் பூங்காவனம்?" என்று தெளிவாகக் கேட்டிருக்கிறான். கூரியர் கம்பெனியிலிருந்து பேசுவதாகவும், அத்தையின் பெயரில் போன பொட்டலம் ஒன்றில் வேறு ஆட்களின் வங்கி அட்டைகள் இருந்ததாகவும் சொன்னான். ஐசி எண்ணை அவனே ஒப்பித்தான். "சரிதானே புவான்?" சரியாகத்தான் இருந்தது. அடுத்து 'சார்ஜன்' ஒருவனிடம் அழைப்பு மாறியது. லைனை வெட்டக்கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் கேஸ் பெரிசாகும் என்றான் சார்ஜன். இரண்டரை மணி நேரம் போனைக் காதிலிருந்து எடுக்காமல், வெயிலில் நடந்தே வங்கிக்குப் போய், 7,300 ரிங்கிட்டை அவன் சொன்ன கணக்குக்கு மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். கூட்டு கட்டி எடுத்த பணமும், கையுறைத் தொழிற்சாலை வேலையில் சேர்ந்த இபிஎஃப் மிச்சமும் சேர்ந்தது அது.

இங்கே இதற்கு மக்காவ் ஸ்கேம் என்று பெயர். வாரம் ஒரு முறையாவது பத்திரிகையில் வரும். மறுநாள் காலையில்தான் எனக்குத் தெரியும். 997-க்கு அழைத்தேன், போலீஸ் ரிப்போர்ட் செய்தோம். பணம் அதற்குள் நாலைந்து கணக்குகளைத் தாண்டியிருக்கும்.

எனக்குக் கோபம். "எப்படி அத்தை நம்புனீங்க? வாட்சப்புல எத்தன தடவ அனுப்பியிருக்கேன்?"

அத்தை தலை நிமிரவில்லை. "அவன் என் பேர சரியா சொன்னான்யா. இத்தன வருசத்துல ஆபீஸ்காரன் எவனும் என் பேர சரியா சொன்னதே இல்ல."

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து கொமுயூட்டரில் ரவாங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, குவாங் தாண்டியதும் சட்டென்று நினைவுக்கு வந்தது. அத்தையின் பெயரை இரண்டு 'ஓ' போட்டு, ஐசி எண்ணோடு சேர்த்து, ஆங்கிலத்தில் சரியாக எழுதியவன் ஒருவனை எனக்குத் தெரியும். நான்தான்.

*

2017. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் விடுமுறையில் ஒரு பேரங்காடியில் பகுதிநேர வேலை கிடைத்தது. மேசை போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர்களை நிறுத்தி, அதிர்ஷ்டக் குலுக்கல் படிவத்தை நிரப்பச் சொல்ல வேண்டும். முதல் பரிசு ஒரு மைவி கார். பெயர், ஐசி எண், தொலைபேசி எண், முகவரி, மாத வருமானம். ஒரு படிவத்துக்கு ஐம்பது சென். ஒரு நாளைக்கு நாற்பது படிவம் சேரவில்லையென்றால் அன்றைய அடிப்படைக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள் கூட்டமே இல்லை. பதினேழு படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் கைப்பேசியில் குடும்பத்தில் பாதிப் பேரின் ஐசி படங்கள் இருந்தன. அரசாங்க உதவித்தொகையான பிரிம் விண்ணப்பத்தை வீட்டில் எல்லாருக்கும் நான்தான் ஆன்லைனில் நிரப்பிக் கொடுப்பேன். படித்த பிள்ளை என்று நம்பி ஆளாளுக்கு ஐசியை நீட்டுவார்கள், நான் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். அதைப் பார்த்து அப்பா, சித்தப்பா, மாமா, அத்தை என்று இருபத்து மூன்று பேருக்குப் படிவம் நிரப்பினேன். அத்தையின் பெயருக்கு வந்தபோது ஒரு கணம் நின்றேன். கிறுக்கன் எவனோ தப்பாக எழுதியதை நானும் ஏன் எழுத வேண்டும்? தமிழ்ப் பற்று. சரியாக எழுதினேன்.

இருபத்து மூன்று படிவம். பதினொரு ரிங்கிட் ஐம்பது சென்.

இப்போது நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். எங்கிருந்து தகவல் கசிந்தது என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு பழைய உத்தி உண்டு. ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பட்டியலில் ஆளுக்கொரு சின்னப் பிழையை வேண்டுமென்றே போட்டு வைப்போம். எந்தப் பிழை வெளியே வந்து நிற்கிறதோ, அதை வைத்து ஆளைப் பிடிக்கலாம். நான் தெரியாமல் செய்தது அதேதான். எல்லாரிடமும் பிழையான பெயர் இருந்தது, என் படிவத்தில் மட்டும் சரியான பெயர் இருந்தது.

இது சாட்சியாகுமா என்று கேட்டால், ஆகாது. அத்தையின் பெயரை வேறு யாராவது எங்கேயாவது சரியாக எழுதியிருக்கலாம். கோயில் ரசீதில், நகைக்கடை உறுப்பினர் அட்டையில். அந்தப் பேரங்காடி மேசைக்கும் அந்த சார்ஜனுக்கும் இடையே எத்தனை கைகள் என்பதை எந்த நீதிமன்றத்திலும் என்னால் நிரூபிக்க முடியாது. என்னைக் குற்றவாளி என்றும் யாராலும் நிரூபிக்க முடியாது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த வசதிதான்.

*

அதே 2017-இல், அக்டோபர் மாதம், லோயாட்.நெட் இணையத்தளம் ஒரு செய்தி வெளியிட்டது. மலேசியக் கைப்பேசிச் சந்தாதாரர்களின் தகவல்களை யாரோ அவர்களின் தளத்திலேயே விற்க முயன்றிருக்கிறார்கள். தோண்டிப் பார்த்தபோது 4 கோடியே 62 லட்சம் எண்களின் விவரம். அன்றைக்கு நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம்தான். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சிம் இருப்பதால் எண்ணிக்கை ஆட்களைத் தாண்டிவிட்டது. பெயர், முகவரி, ஐசி எண், சிம் விவரம் எல்லாம் இருந்தன. அவை 2014-ஆம் ஆண்டுத் தகவல்கள். அதாவது செய்தி வெளிவருவதற்கு மூன்றாண்டுகள் முன்பே நாம் எல்லாரும் போய்விட்டோம்.

நம் தகவல் அதில் இருக்கிறதா என்று ஐசி எண்ணைப் போட்டுப் பார்க்க, ஒரு வலைப்பதிவர் 'சாயா கெனா ஹேக்' என்ற தளத்தைத் தொடங்கினார். விடுதி அறையில் நாங்கள் நாலு பேர் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். நாலு பேருமே இருந்தோம். சிரித்தோம். "நம்ம டேட்டாவ வச்சு என்னாத்த பண்ணப் போறானுங்க? பிடிபிடிஎன் கடன வேணா கட்டச் சொல்லு." சில நாளில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அந்தத் தளத்தை முடக்கியது. திருட்டுப் போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முன்பின் தெரியாத ஒருவர் கையில் மறுபடியும் ஐசி எண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

நம் ஐசி எண் வாயாடி. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: சிலாங்கூர் என்றால் 10, பேராக் என்றால் 08, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பக்கத்தில் பெயரும் இருந்துவிட்டால் இனமும் பெரும்பாலும் தெரிந்துவிடும். கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா?

விலை எவ்வளவு தெரியுமா? 2022 மே மாதம், 1940 முதல் 2004 வரை பிறந்த 2 கோடியே 25 லட்சம் மலேசியர்களின் விவரம் என்று சொல்லி ஒருவர் 10,000 அமெரிக்க டாலருக்கு இணையத்தில் விற்பனைக்கு வைத்தார். தேசியப் பதிவிலாகாவிலிருந்து எடுத்தது என்று விற்றவர் சொன்னார், அங்கிருந்து வரவில்லை என்று உள்துறை அமைச்சர் மறுத்தார். எங்கிருந்து வந்ததோ, விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஆளுக்கு அரை சென்கூட வரவில்லை. எனக்கு ஐம்பது சென் கொடுத்தவர்கள் தாராளக்காரர்கள்.

*

"என்கிட்ட மறைக்க ஒன்னுமில்ல, எடுத்துட்டுப் போகட்டும்." தனியுரிமை பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் சொல்லும் முதல் வாக்கியம் இது. நானும் சொல்லியிருக்கிறேன். அந்தரங்கம் என்றால் ரகசியம், ரகசியம் இல்லாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு என்ற எண்ணம்.

இது தவறு என்று எனக்குப் புரிய வைத்தது பாட்டி சொன்ன லயத்துக் கதைகள். லயத்தில் ரகசியம் என்று எதுவும் இருக்க முடியாது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்தது பலகைதான். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் சோறு இல்லை, யார் பெண்ணைப் பார்க்க யார் வந்தார்கள் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது என்பார் பாட்டி. "லயத்துல தெரிஞ்சது ஆபீசுக்குப் போகக் கூடாது." ஒருவருக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி இன்னொருவர் பெரட்டில் லீவு கேட்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்மை தெரியும், கங்காணியிடம் சொல்லமாட்டார். சொல்கிற ஆளுக்கு ஒரு பெயர் இருந்தது. கோள்சொல்லி. அந்த ஆள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட ஜனம் யோசித்துத்தான் போகும்.

கோள்சொல்லி பொய் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் சொல்வது முழு உண்மை. எல்லாருக்கும் தெரிந்த உண்மையும்கூட. அப்படியென்றால் அவன் செய்த தப்பு என்ன? ஓரிடத்தில், ஒரு நம்பிக்கையில் தெரிய வந்ததை, அந்த நம்பிக்கை செல்லுபடியாகாத வேறோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதுதான்.

ஹெலன் நிசன்பாம் என்ற சிந்தனையாளர் 2004-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஏறக்குறைய இதைத்தான் ஒரு கோட்பாடாக வைத்தார். தனியுரிமை என்பது தகவலைப் பூட்டி வைப்பதல்ல. ஒவ்வொரு தகவலும் ஒரு சூழலில் சொல்லப்படுகிறது. அந்தச் சூழலுக்கு என்று போக்குவரத்து விதிகள் உண்டு. மருத்துவரிடம் சொன்னது மருத்துவருக்கு, ஆசிரியரிடம் சொன்னது ஆசிரியருக்கு. விதியை மீறி அது வேறு பக்கம் ஓடும்போதுதான் தனியுரிமை உடைகிறது. வாசித்தபோது பாட்டியின் குரல்தான் கேட்டது.

இந்த அளவுகோலை என்மேல் வைத்துப் பார்க்கிறேன். அத்தையின் ஐசி எண் ரகசியமே அல்ல. கிளினிக் பதிவேட்டில் இருக்கிறது, வங்கியில் இருக்கிறது, பழைய முதலாளியிடம் இருக்கிறது. என்னிடம் அவர் ஐசியை நீட்டியது பிரிம் பணத்துக்காக. நான் அதைப் பேரங்காடி மேசைக்குக் கொண்டுபோனேன். பணம் பறிபோகாமலே இருந்திருந்தாலும் நான் செய்தது கோள்தான், அதுவும் கூலிக்கு.

*

இங்கே ஒரு கேள்வி வரும். சரி, விற்பதுதான் பிரச்சினையா, அல்லது நமக்குப் பங்கு கொடுக்காமல் விற்பதா? தரவுதான் இந்த நூற்றாண்டின் எண்ணெய் என்கிறார்கள். என் நிலத்தில் எண்ணெய் எடுத்தால் எனக்குப் பணம் தரவேண்டும்தானே? என் தகவலுக்கும் கொடுத்துவிட்டுப் போகட்டும், கணக்கு சரியாகிவிடும். பொறியாளர்களுக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும். சில காலம் நானும் இதை நம்பினேன்.

இதில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் டுரியான் மரத்தை விற்றால் மரம் போகும், பணம் வரும், கதை முடிந்தது. தகவலை விற்றால் என்னிடமும் இருக்கும், வாங்கியவரிடமும் இருக்கும், அவர் விற்ற பத்துப் பேரிடமும் இருக்கும். எந்த விற்பனையும் கடைசி விற்பனை ஆகாது. மாமா 2019-இல் காலமாகிவிட்டார். அவருடைய எண்ணை அத்தை இன்னும் வைத்திருக்கிறார். சொந்தக் கடன் வேண்டுமா என்று அவர் பெயரைச் சொல்லி இன்றைக்கும் அழைப்பு வருகிறது. சவப்பெட்டிக்குள் போனவருக்கும் சந்தையிலிருந்து விடுதலை இல்லை.

இன்னொன்று இதைவிட ஆழமானது. என் தகவல் என்று நான் சொல்வதில் எவ்வளவு என்னுடையது மட்டும்? ஏதோ ஒரு செயலிக்கு என் தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டால் அதில் முந்நூறு பேர் போகிறார்கள். ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

2018 ஜனவரியில் லோயாட்.நெட் இன்னொரு செய்தி வெளியிட்டது. உடலுறுப்பு தானம் செய்வதாகப் பதிந்துகொண்ட 2,20,000-க்கும் மேற்பட்ட மலேசியர்களின் விவரம் இணையத்தில் கிடந்தது. 4 கோடியே 62 லட்சத்தோடு ஒப்பிட்டால் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் நான் இதையே அதிகம் நினைத்துக்கொள்கிறேன். உறுப்பு தானத்துக்குப் பதிகிறவர் நெருங்கிய உறவினர் ஒருவரின் விவரத்தையும் தரவேண்டும். இறந்த பிறகு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவேண்டுமே. அந்தப் பட்டியலில் கொடையாளர்களோடு அவர்களின் மனைவியும் கணவனும் தாயும் தகப்பனும் இருந்தார்கள்.

அந்தப் படிவத்தை நிரப்பியவரை நினைத்துப் பாருங்கள். தன் கண்ணையும் சிறுநீரகத்தையும் முகம் தெரியாத ஒருவருக்கு ஒரு காசு வாங்காமல் தரச் சம்மதித்தவர். மனித உறுப்பை விற்கக்கூடாது என்பதில் பெரும்பாலான நாடுகள் ஒத்துப்போகின்றன. அந்த மனிதர் அந்தக் கொடையை எழுதிக் கொடுத்த காகிதத்தின் விவரம் மட்டும் சந்தைச் சரக்காகிவிடுகிறது. அவர் விலை வைக்காமல் கொடுத்ததற்கு வேறு யாரோ விலை வைக்கலாம்.

1785-இல் வெளிவந்த தன் அறவியல் நூலில் இம்மானுவேல் காண்ட் ஒரு பிரிவினை செய்கிறார். சிலவற்றுக்கு விலை உண்டு, சிலவற்றுக்கு மாண்பு உண்டு. விலை உள்ளதற்குப் பதிலாக அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்கலாம். மாண்பு உள்ளதற்கு ஈடு கிடையாது. தகவலுக்கு எந்தப் பக்கம் இடம் என்று முன்பு குழம்பியிருக்கிறேன். ஒரு தொலைபேசி எண்ணுக்கு என்ன மாண்பு? எண்ணுக்கு இல்லைதான். அதை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுக்கிறாரே, அந்த நம்பிக்கைக்கு உண்டு. அத்தையின் பணம் 7,300-ஐ மாதாமாதம் கொஞ்சமாக நான் கொடுத்துத் தீர்த்துவிடலாம், கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இப்போது அவர் கை நடுங்குகிறது. தன் பெயரைச் சரியாகச் சொல்கிறவனைக் கண்டால் அவருக்குப் பயம். அதற்கு எத்தனை ரிங்கிட்?

*

சட்டம் இல்லையா? இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 130-ஆம் பிரிவின்படி தகவலைச் சட்டவிரோதமாகத் திரட்டுவதும் விற்பதும் குற்றம். 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2024-இல் சட்டம் திருத்தப்பட்டது. தகவல் கசிந்தால் நிறுவனங்கள் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் மூன்றாம் பிரிவு அப்படியே இருக்கிறது: இந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. நம்மைப் பற்றி எல்லாரையும்விட அதிகம் தெரிந்து வைத்திருப்பவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

நம் அரசியலமைப்பில் தனியுரிமை என்ற சொல் இல்லை. ஐந்தாம் விதி சொல்லும் தனிமனித சுதந்திரத்துக்குள் அதுவும் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தில் எழுதினார் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்றார்கள். நாலரை மாதம் கழித்து, 2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் ஆதார் விவரங்களைப் பார்க்க வழி கிடைக்கிறது என்று 'தி டிரிபியூன்' நாளிதழ் வெளிக்கொண்டு வந்தது. தீர்ப்பு உரிமையைக் கொடுக்கும். காசுக்கு வழி திறந்துவிடுகிறவனின் கையைத் தீர்ப்பு பிடிக்குமா?

சட்டம் ஆதாரச் சங்கிலியைத் தேடும். யார் யாருக்குக் கொடுத்தார், எங்கே அறுந்தது என்று கேட்கும். இந்த வியாபாரத்தின் பலமே அந்தச் சங்கிலி யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். படிவம் வாங்கிய பையனுக்கு அவன் மேலாளரைத் தாண்டித் தெரியாது. பட்டியலைத் தட்டச்சு செய்த பெண்ணுக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. ஆளுக்கு ஐம்பது சென் பாவம். ஐம்பது சென் பாவத்துக்கு யாரும் தூக்கம் இழப்பதில்லை. கடைசியில் போன் செய்கிற ஒருவன்தான் திருடன், மற்ற நாங்கள் எல்லாம் வேலை பார்த்தவர்கள்.

ஆகவே, இந்த விஷயத்தில் விளைவைப் பார்த்துத் தப்பை அளக்க முடியாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். விளைவு வருவதற்குள் ஏழு வருடம் ஓடிவிடும், வழியும் அழிந்துவிடும். கை மாற்றுகிற அந்த இடத்திலேயே கேட்டாக வேண்டும்: இது எதற்காக என்னிடம் தரப்பட்டது?

சொல்வது எளிது. அத்தைக்கு நடந்து சில மாதங்களுக்குப் பிறகு, வேலையிடத்தில் எனக்கு ஒரு பணி வந்தது. வெளியிலிருந்து வாங்கிய ஒரு பட்டியலை எங்கள் வாடிக்கையாளர் விவரத்தோடு பொருத்த வேண்டும். எக்செல் கோப்பு, ஒரு லட்சத்துக்கும் மேல் வரிசைகள். பெயர், ஐசி, எண், வருமானம். அதே கட்டங்கள். "இது எங்கிருந்து வந்தது, இவர்கள் சம்மதித்தார்களா?" என்று மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டு நாளில் அந்தப் பணி என் பெயரிலிருந்து சக ஊழியர் ஒருவரின் பெயருக்கு மாறியது. அவர் முடித்துக் கொடுத்தார். என்னை யாரும் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை.

நான் வேலையை விடவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, அப்பாவுக்கு டயாலிசிஸ் இருக்கிறது. என் கை படவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பட்டியல் பொருத்தப்பட்டுவிட்டது. அந்த ஒரு லட்சம் பேரில் எத்தனை பூங்காவனங்கள் இருந்தார்கள்? கேள்வி கேட்டதனால் எனக்குக் கிடைத்தது சுத்தமான கை மட்டும்தான் என்றால், அதுவும் ஒரு சொகுசு. அடுத்த முறை கேள்வியை நான் மட்டும் கேட்காமல், அந்தச் சக ஊழியரையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்ற இடம்வரைதான் யோசித்திருக்கிறேன்.

*

அத்தையிடம் உண்மையைச் சொல்ல மூன்று வாரம் ஆனது.

பாட்டியின் ஐசி அத்தையிடம்தான் இருக்கிறது. சிவப்பு ஐசி. 1948-இல் அவசரகாலம் வந்தபோது 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டை இல்லாதவரைப் பட்டாளம் சந்தேகிக்கும், அட்டை வைத்திருந்தால் காட்டிலிருந்து வந்தவர்கள் பிடுங்கிக் கிழிப்பார்கள். பாட்டி அதை ரவிக்கைக்குள் துணி சுற்றி வைத்திருந்தாராம். நீல ஐசிக்கு எத்தனையோ முறை மனு போட்டும் சாகும்வரை சிவப்புதான். அந்த எண்ணுக்காக, அதற்குள் பதியப்படுவதற்காக இந்த வீட்டில் ஒரு பெண் ஆயுள் முழுக்க ஆபீஸ் படி ஏறியிருக்கிறார். அவர் பேரன் அவருடைய மகளின் எண்ணை ஐம்பது சென்னுக்குக் கொடுத்தான்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அத்தை திட்டுவார் என்று நினைத்தேன், இல்லையென்றால், "போய்யா, அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்" என்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த இருவத்திரண்டு பேருகிட்டயும் சொல்லிட்டியா?"

இல்லை என்றேன்.

"சொல்லிடு. யாருக்கு எப்ப போன் வருமோ."

சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு பேர் முடிந்தது. சிலர் சிரிக்கிறார்கள். சித்தப்பா ஒரு வாரம் பேசவில்லை. மூன்று பேர் இப்போது உயிரோடு இல்லை.

போன மாதம் எஸ்டிஆர் உதவித்தொகை விண்ணப்பத்தைப் புதுப்பிக்க அத்தை என்னைத்தான் கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவார்? ஐசியை எடுத்துக் கொடுத்துவிட்டு எப்போதும் அடுப்படிக்குப் போய்விடுகிறவர், இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். பெயர் வரும் இடத்தில் ஐசியில் உள்ளபடி, பிழையோடு எழுதினேன்.

முடித்துவிட்டுக் கைப்பேசியை மூடப் போனேன். "அந்தப் படத்த அழிச்சிடுய்யா" என்றார். அழித்துக் காட்டினேன். குப்பைத் தொட்டிக்குள்ளும் போய் அழிக்கச் சொன்னார்.